வினா ஆறு, விடை எட்டு: சிறுசேரியில் ஒரு லினக்ஸ் வரலாறு

கல்வெட்டு, காப்பியம், உரைமரபு என்று எழுதிப் பழகிய நாம் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் ஒரு கணிப்பொறி இயங்குதளம். தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கக்கூடும். நன்னூலின் பொதுவியலில் வினாவைப் பற்றியும் விடையைப் பற்றியும் அடுத்தடுத்து வரும் இரண்டு நூற்பாக்களை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் நம் கண்முன் வந்து நிற்பது ஒரு கரிய திரை. அத்திரையின் மேல் மூலையில் இரண்டே இரண்டு ஆங்கில எழுத்துகள். பவணந்தியார் 13ஆம் நூற்றாண்டில் வகுத்ததன் முழுப்பொருளை நாம் உணர்ந்தது வகுப்பறையில் அன்று. அந்தத் திரையின் முன்பாகத்தான். ஆகவே இந்த வரலாற்றை அங்கிருந்தே தொடங்குகிறோம்.

இரண்டு எழுத்துகள்

ஆண்டு 2002. நாம் முதுகலைத் தமிழ் இரண்டாமாண்டு படித்துக்கொண்டிருந்தோம். சிறுசேரி அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்து ஊர். செங்கல்பட்டு தனி மாவட்டமானது 2019 நவம்பரில்தான். பழைய மாமல்லபுரம் சாலைக்கு ராஜீவ் காந்தி சாலை என்ற பெயரோ ஆறு வழித்தடங்களோ வந்திராத காலம். சிப்காட் பூங்காவின் கண்ணாடிக் கட்டடங்களும் எழுந்திருக்கவில்லை. சுற்றுவட்டார ஊர்களில் நடவு வேலைக்குச் செல்லும் பெண்களிடம் பாட்டுக் கேட்டு எழுதுவதே நமது ஆய்வேட்டின் பணி. ஒலிநாடா வாங்கப் போதிய பணமில்லை. ஆதலால் ஒரு நாடாவில் பதிந்த பாட்டைக் கேட்டு, கணிப்பொறியில் எழுதி முடித்தவுடன், அதே நாடாவின் மேல் அடுத்த ஊர்ப் பாட்டைப் பதிவு செய்துவிடுவோம். அது எத்தகைய பேதைமை என்பது பின்னர்தான் விளங்கியது. பாடிய மூதாட்டியருள் இருவர் அந்த ஆண்டிலேயே மறைந்துவிட்டனர். அவர்கள் குரலும் நாடாவில் இல்லை. அவர்கள் சொன்ன சொற்கள் மட்டும், நண்பர் ஒருவர் வீட்டில் இருந்த பழைய கணிப்பொறியின் வன்தட்டில், ஒரே ஒரு படியாக இருந்தன.

அந்த நண்பர் பொறியியல் மாணவர். கணிப்பொறி இதழ் ஒன்றுடன் வந்த குறுந்தகடுகளைக் கொண்டுவந்து, "இதில் லினக்ஸ் இருக்கிறது, பட்டிகளையெல்லாம் தமிழிலேயே பார்க்கலாமாம்" என்றார். தமிழ் மாணவரை வீழ்த்த அதைவிட வேறென்ன வேண்டும்? இருவரும் சேர்ந்து விண்டோஸுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் ஒதுக்கி லினக்ஸை நிறுவினோம். நிறுவல் முடிந்ததாகத் திரை வாழ்த்துக் கூறியது. கணிப்பொறியை அணைத்து மீண்டும் தொடங்கினோம். கரிய திரையில் 'எல்', 'ஐ' என இரண்டு எழுத்துகள் தோன்றின. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. லினக்ஸும் வரவில்லை, விண்டோஸும் வரவில்லை.

பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டுடலாம் தம்பி, அரை மணி நேர வேலை" என்றார். அந்த அரை மணி நேரத்தில் மறையவிருந்தவை நாம் ஓராண்டு அலைந்து திரட்டிய பாடல்கள். கணிப்பொறியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டோம்.

வினாவில் பிறந்த இயங்குதளம்

இங்கே சற்று நிறுத்தி, அந்த இரண்டு எழுத்துகளுக்குப் பின்னால் இருந்த வரலாற்றைக் காண்போம்.

லினக்ஸின் பிறப்பைச் சொல்வோர் பெரும்பாலும் 1991 ஆகஸ்ட் 25ஆம் நாளைச் சொல்வர். பின்லாந்து நாட்டின் எல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், அகவை 21, மினிக்ஸ் என்னும் இயங்குதளத்தைப் பயன்படுத்துவோரின் செய்திக்குழுவில் தாம் ஓர் இயங்குதளம் எழுதிவருவதாக அறிவித்த நாள் அது. மினிக்ஸ், பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம் பாடம் கற்பிப்பதற்காக எழுதியது. அறிவிப்பு என்று நாம் சொல்கிறோமே தவிர, அம்மடலைப் படித்தால் அது பெரிதும் வினாவாகவே இருப்பது தெரியும்: மினிக்ஸில் உங்களுக்குப் பிடித்தது எது, பிடிக்காதது எது, என்ன வேண்டும் என்று கேட்கிறார். அதற்கும் முன்பே, அவ்வாண்டு ஜூலை 3 அன்று, அதே குழுவில் அவர் ஓர் உதவி கேட்டிருந்தார். இயங்குதளங்கள் எவ்வாறு அமைய வேண்டும் என்று வரையறுக்கும் போசிக்ஸ் விதிகள் எங்கே கிடைக்கும் என்பது அவ்வினா. ஆக, இன்று உலகத்தைத் தாங்கும் இந்த மென்பொருளின் முதற்சுவடே தெரியாத ஒருவர் தெரிந்தவர்களைப் பார்த்துக் கேட்ட கேள்விதான்.

பெயரும் அவ்வாறே பிறர் தந்தது. டோர்வால்ட்ஸ் தம் ஆக்கத்துக்கு 'ஃப்ரீக்ஸ்' என்று பெயரிட எண்ணியிருந்தார். அதை வைக்க வழங்கியில் இடம் கொடுத்த ஆரி லெம்கே, அந்த அடைவுக்கு 'லினக்ஸ்' என்று பெயர் சூட்டினார், அதுவே நிலைத்தது. நமக்கு மிகுந்த ஆறுதல் தரும் செய்தி இன்னொன்றும் உண்டு. தொடக்க மாதங்களில் ஒருநாள், மோடத்துக்கு அனுப்ப வேண்டிய தொலைபேசிக் கட்டளையை டோர்வால்ட்ஸ் தவறுதலாக வன்தட்டுக்கு அனுப்பிவிட்டார். மினிக்ஸ் இருந்த பகுதி பாழாயிற்று. மீண்டும் மினிக்ஸை நிறுவுவதா என்று எண்ணிப் பார்த்து, இனித் தம் லினக்ஸையே பயன்படுத்துவது என்று முடிவு செய்தார். படைத்தவருக்கே நேர்ந்த பிழையைத்தான் சிறுசேரிப் பக்கத்தில் நாமும் வேறொரு வடிவில் செய்தோம்.

1992இல் லினக்ஸ், குனு பொதுமக்கள் உரிமத்தின் கீழ் வந்தது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்த குனு திட்டத்தின் கருவிகளும் லினக்ஸ் கருவும் இணைந்து முழு இயங்குதளமாயின. 1993இல் ஸ்லாக்வேரும் டெபியனும் தோன்றின. இவற்றை நிறுவும் முறைகளைத் தன்னார்வலர்கள் வழிகாட்டிக் கட்டுரைகளாக எழுதித் தொகுக்கத் தொடங்கினர். விற்பவர் இல்லை, ஆகவே பழுதானால் முறையிடவும் ஆள் இல்லை. முன்னே சென்றவர் பின்னே வருபவருக்குச் சொல்லிக்கொடுத்தால் மட்டுமே இது பரவும் என்ற நிலை தொடக்கத்திலேயே அமைந்துவிட்டது.

சென்னைக்கு வந்த வழி

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணைய இணைப்பை விதேச சஞ்சார் நிகம் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. தொலைபேசி வழியாக ஊர்ந்துவரும் அந்த இணைப்பில் ஓர் இயங்குதளத்தை முழுமையாக இறக்கிக்கொள்வது நடக்கிற காரியமன்று. லினக்ஸ் இங்கே வீடுகளை அடைந்தது குறுந்தகடு வழியாகவே. 1996இல் பிசிகுவெஸ்ட் இதழ் தன் வாசகர்களுக்கு ஸ்லாக்வேர் லினக்ஸைக் குறுந்தகட்டில் அளித்தது. அம்முயற்சியில் முன்னின்ற பெங்களூரு அதுல் சிட்னிஸ், பின்னர் அந்நகரில் லினக்ஸ் மாநாடுகளையும் நடத்தி, 2013இல் மறைந்தார்.

தகடு வந்துவிட்டது, நிறுவத் தெரிந்தவர் வேண்டுமே! அதற்காகவே ஊர்தோறும் லினக்ஸ் பயனர் குழுக்கள் தோன்றின. 1990களின் இறுதியில் சென்னையில் அமைந்த குழு, மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை சென்னை ஐஐடி வளாகத்தில், வானூர்திப் பொறியியல் துறையில் கூடுவதை ஆண்டுக்கணக்கில் வழக்கமாகக் கொண்டிருந்தது. நேரில் வர இயலாதோர்க்கு மடற்குழு இருந்தது. மாணவர், வங்கி ஊழியர், ஆராய்ச்சியாளர், ஓய்வுபெற்றோர் என எவரும் கேட்கலாம், எவரும் விடை சொல்லலாம், கட்டணம் இல்லை. அதே சென்னையில், தரமணிக் கணித அறிவியல் நிறுவனத்தார் 2004இல் 144 கணிப்பொறிகளை இணைத்து 'கப்ரு' என்னும் லினக்ஸ் கொத்தினை அமைத்து உலகின் முதல் 500 மீக்கணினிகளின் பட்டியலில் இடம்பெறச் செய்தனர். உச்சியில் அத்தகைய சாதனை நிகழ்ந்த நகரத்தில், அடிவாரத்தில் நம்போன்றோர் இரண்டு எழுத்துகளின் முன் விழித்துக்கொண்டிருந்தோம். இரு சாராரையும் இணைத்த பாலம் அந்த மடற்குழுதான்.

ஏடு பெயர்த்தெழுதிய கதை

கணிப்பொறி நண்பர் வீட்டில்; இணையம் கேளம்பாக்கத்து இணைய மையத்தில். இடையே ஐந்தாறு கிலோமீட்டர், சைக்கிளில். திரையில் தோன்றுவதைத் தாளில் எழுதிக்கொண்டு போய், அங்கே தட்டச்சு செய்து அனுப்பி, மறுநாள் சென்று விடையை நோட்டில் எழுதி எடுத்துவருவோம். மணிக்கு 25 ரூபாய். ஒரு வினாவுக்கு ஒரு நாள்.

முதல் வினா நமக்கு வெட்கத்தைத் தரத்தக்கது. "லினக்ஸ் வேலை செய்யவில்லை, அவசரம், உதவுங்கள்" என்று மட்டும் எழுதியிருந்தோம். நன்னூலார் வினாவை ஆறாகப் பகுக்கிறார். தெரிந்தே கேட்பது, தெரியாமல் கேட்பது, இதுவோ அதுவோ என்று ஐயுற்றுக் கேட்பது, ஒன்றைப் பெறுவதற்குக் கேட்பது, கொடுப்பதற்குக் கேட்பது, ஒருவரை ஏவுவதற்குக் கேட்பது. நமது வினா அறியாவினா என்ற பெயருக்குக்கூடத் தகுதி பெறவில்லை. எதை அறியவில்லை என்பதையே அது சொல்லவில்லை.

விடைகள் வந்தன. அவற்றை இன்று நினைத்துப் பார்க்கும்போது பவணந்தியாரின் எட்டு விடைகளும் வரிசைகட்டி நிற்கின்றன.

முதலில் வந்தது வினாதல், அதாவது வினாவுக்கு வினாவையே விடையாகத் தருவது. "திரையில் என்ன எழுத்து தெரிகிறது? நிறுவும்போது துவக்க நெகிழ்தட்டு எடுத்து வைத்தீர்களா? வன்தட்டின் அளவு என்ன?" என்று ஒருவர் கேட்டார். நமக்கு எரிச்சல் வந்தது. கேள்வி கேட்டவர் நாமல்லவா? ஆனால் அவர் கேட்ட மூன்றும் இல்லாமல் எவராலும் விடை கூற முடியாது.

அடுத்தது ஏவல். "கையேட்டில் இருக்கிறது, படியுங்கள்" என்று ஒருவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். கையேடு ஆங்கிலத்தில், திறக்க முடியாத அதே கணிப்பொறிக்குள் இருந்தது.

மூன்றாமவர் உற்றதுரைத்தார். தமக்கும் ஈராண்டுக்கு முன் இவ்வாறே நேர்ந்தது என்றும், அன்றிரவு உறக்கம் வரவில்லை என்றும் எழுதியிருந்தார். தொழில்நுட்பத்தில் அது ஒரு வரிகூட உதவவில்லை. ஆயினும் அம்மடலை நாம் இருமுறை படித்தோம்.

நாம் எழுத்துகளைக் குறிப்பிட்டு மீண்டும் எழுதியபின் வந்தது சுட்டு விடை. கணிப்பொறியைத் தொடங்கியதும் இயங்குதளத்தைத் தேடி எழுப்பும் சிறு நிரல் ஒன்று அந்நாளில் இருந்தது. அதன் பெயர் லிலோ. ஆங்கிலத்தில் நான்கு எழுத்துகள். அந்நிரல் தன் பணியில் ஒவ்வொரு படியைக் கடக்கும்போதும் தன் பெயரின் ஓர் எழுத்தைத் திரையில் அச்சிடும். முதல் எழுத்து மட்டும் தோன்றி நின்றால் இரண்டாம் கட்ட நிரலைக் கொண்டுவர இயலவில்லை என்று பொருள். இரண்டு எழுத்துகளோடு நின்றால் இரண்டாம் கட்டம் வந்தது, ஆனால் அதை இயக்க முடியவில்லை என்று பொருள். மூன்றோடு நின்றால் அதற்கும் அடுத்த கோளாறு. நான்கும் தோன்றினால் நலம். நாம் பிழையென்று அஞ்சிய அந்த எழுத்துகள் உண்மையில் பிழை எங்கே என்பதைச் சொல்லும் குறிப்புகள்! சிதைந்த கல்வெட்டின் எஞ்சிய எழுத்தைக்கொண்டு இழந்த சொல்லை உய்த்துணரும் பயிற்சி உடைய நமக்கு, இதை அவர் விளக்கிய கணத்தில் உடம்பு சிலிர்த்தது.

காரணத்தையும் அவரே கூறினார். வன்தட்டின் உருளைகளையும் வட்டங்களையும் கணக்கிடுவதில் கணிப்பொறியின் அடிப்படை நிரல் ஒரு முறையையும், லினக்ஸ் மற்றொரு முறையையும் பின்பற்றியிருக்கின்றன. ஆதலால் லிலோ தேடிய இடத்தில் தேடிய பொருள் இல்லை. பழைய கணிப்பொறிகளில் 1024ஆம் உருளைக்கு அப்பால் உள்ளதை அடிப்படை நிரல் படிக்க இயலாது என்ற வரம்பும் உண்டு. விண்டோஸை முன்னே வைத்து லினக்ஸைத் தட்டின் கடைசியில் நாம் வைத்தது இதனால்தான் வினையாயிற்று.

எஞ்சியவை விரைந்து வந்தன. "விண்டோஸ் பகுதியில் இருந்த கோப்புகள் இருக்குமா?" என்றோம். இருக்கும் என்று நேர்ந்தார். "அழித்துவிட்டு மீண்டும் நிறுவலாமா?" என்றோம். கூடாது என்று மறுத்தார். அழித்தால் பாடல்களும் உடன் அழியும் என்று உறுவது கூறினார். கடைசியாக நண்பர், கணிப்பொறிக்குள் பொருத்தியிருந்த மோடம் லினக்ஸில் இயங்குமா என்று கேட்டதற்கு, வெளியே வைக்கும் மோடம் இயங்கும் என்று விடை வந்தது; அது இனமொழி. கேட்ட பொருளுக்கு நேராக விடை சொல்லாமல் அதன் இனத்தைச் சொல்லி உணர்த்துவது.

எட்டனுள் மூன்றே நேர்விடை, ஏனைய ஐந்தும் பொருளால் விடையாக ஏற்கப்படுவன என்பது நன்னூலார் கொள்கை. மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிய அந்த வேறுபாட்டின் அருமை அந்தப் பத்து நாளில் நமக்குப் புரிந்தது.

தீர்வு எளியது. துவக்க நெகிழ்தட்டால் கணிப்பொறியை எழுப்பி, லிலோவின் அமைப்புக் கோப்பில் 'எல்பிஏ32' என்னும் ஒற்றைச் சொல்லைச் சேர்த்து, லிலோவை மீண்டும் ஓட்ட வேண்டும். செய்தோம், லிலோ பிழை காட்டிற்று. மறுபடி கேளம்பாக்கம். நாம் எழுதியதை அப்படியே அனுப்பச் சொன்னார் அவர். அனுப்பியதும் கண்டுபிடித்துவிட்டார். நோட்டில் எழுதிவந்தபோது 'எல்' என்னும் சிற்றெழுத்தை 1 என்னும் எண்ணாகப் பிழைபடப் பெயர்த்துவிட்டிருந்தோம். ஏடெழுதுவோர் பிழையால் பாடபேதம் பிறப்பதைப் பக்கம் பக்கமாகப் படித்திருந்த தமிழ் மாணவர் செய்த பிழை அது! திருத்தினோம். நான்கு எழுத்துகளும் தோன்றின. விண்டோஸுக்குள் சென்று முதல் வேலையாகப் பாடல்களை நெகிழ்தட்டுகளில் மூன்று படி எடுத்தோம்.

அவ்விடைகள் யாவும் ஆங்கிலத்தில் வந்தவை. கடைசி மடலின் அடியில் மட்டும் ஆங்கில எழுத்துகளால் தமிழில் ஒரு வரி இருந்தது: "பாட்டெல்லாம் பத்திரமா இருக்கும், கவலைப்படாதீங்க." அவரை நாம் நேரில் கண்டதில்லை.

கதவடைத்த சொற்கள்

இவ்வரலாற்றைப் பொற்காலமாகப் பாடுவது நம் நோக்கமன்று. கையேட்டைப் படி என்ற ஒற்றை வரியால் திருப்பியனுப்பப்பட்டு, மீண்டும் எட்டிப் பார்க்காதவர் எத்தனையோ பேர். 2001இல் எரிக் ரேமண்ட் என்பார் கேள்வி கேட்கும் முறையைப் பற்றி ஒரு நெடுங்கட்டுரை எழுதினார். முதலில் தேடிப்பார், முயன்றதைச் சொல், பிழைச்செய்தியை அப்படியே எழுது, தீர்ந்ததும் தீர்ந்த விதத்தை அறிவி என்பன அதன் சாரம். நன்னூல்ப் பாயிரம் மாணாக்கர்க்குக் கூறும் நெறிகளோடு ஒப்பிட்டுப் படிக்கத்தக்க கட்டுரைதான். எனினும் நன்னூல் ஆசிரியரின் இலக்கணத்தைச் சொன்ன பிறகே மாணாக்கரின் இலக்கணத்தைச் சொல்கிறது. கேட்பவரின் கடமையை எடுத்துக்காட்டிய பலர் சொல்பவரின் கடமையை மறந்தனர்.

ஆங்கிலம் மற்றொரு கதவு. பிழையின்றி ஆங்கிலம் எழுத வராதவர் வினாவையே எழுப்பாமல் இருந்துவிடுவர். இதை உணர்ந்து 2000ஆம் ஆண்டையொட்டிப் பல நாடுகளில் வாழ்ந்த தமிழர்கள் ஒன்றுசேர்ந்து கேடிஇ பணிச்சூழலைத் தமிழாக்கினர். கோப்பு, அடைவு, கடவுச்சொல் என்னும் சொற்கள் பட்டிகளில் ஏறின. எழுத்துருச் சிக்கல் ஒருபுறம். 1991 அக்டோபரில் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இருந்தும், திஸ்கி, தாப், தாம் எனப் பல குறியேற்றங்கள் நெடுநாள் வழங்கின. தமிழக அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது 2010இல்தான். 2007 ஏப்ரலில் வந்த டெபியனின் எட்ச் பதிப்பில் வரைகலை நிறுவி இடம்பெற்றது. தமிழ் போன்ற கூட்டெழுத்து மொழிகளில் நிறுவலை நடத்தும் வாய்ப்பு அதனால் உண்டாயிற்று.

சென்னைக் குழுவில் ஆண்டுக்கணக்கில் விடை கூறியவர்களுள் கென்னத் கொன்சால்வஸ் பெயரைச் சொல்லாமல் இப்பகுதியை முடித்தல் தகாது. 2012 ஆகஸ்டில் அவர் மறைந்தபின், இந்தியப் பைத்தான் மென்பொருள் சங்கம் அவர் பெயரால் ஆண்டுதோறும் வழங்கும் விருதை நிறுவியது. விடை கூறுதலையும் ஒரு தொண்டாக மதித்த செயல் அது.

அரசு தந்ததும் மக்கள் தந்ததும்

2005இல் நடுவண் அரசு சென்னையில் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை அமைத்தது. சி-டாக் நிறுவனமும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயு-கேபிசி ஆய்வு மையமும் அதில் பங்கேற்றன. அதன் விளைவாக 2007இல் டெபியனை அடியொற்றிய 'போஸ்' என்னும் லினக்ஸ் வெளிவந்தது. ஏறத்தாழ அதே காலத்தில், உமாசங்கர் இ.ஆ.ப. மேலாண் இயக்குநராயிருந்த எல்காட் நிறுவனம் சூசி லினக்ஸுக்கு மாறியது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது, மாணவர் பெற்ற கணினிகளில் விண்டோஸோடு போஸ் லினக்ஸும் இருந்தது.

சென்னைக் குழுவின் உறுப்பினர் அனைவரையும் கூட்டினாலும் வராத எண்ணிக்கையில், ஒரே ஆண்டில் லினக்ஸ் நம் பிள்ளைகள் கைக்கு வந்துவிட்டது. ஆனால் நடந்தது என்ன? நம் மாணவர் பலர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. சிலர் கடைக்குக் கொண்டுபோய் நீக்கச் சொன்னார்கள். குறை மென்பொருளில் அன்று. ஒலி வரவில்லை, அச்சுப்பொறி இணையவில்லை என்றால் யாரைக் கேட்பது என்பது அவர்களுக்குத் தெரியாது. கருவியைக் கொடுத்த ஆணையில் விடை கூறுபவருக்கு இடமில்லை.

அவ்விடத்தை நிரப்ப முயன்றவர்கள் மீண்டும் தன்னார்வலரே. 2012 சனவரியில் 'கணியம்' என்னும் தமிழ் மின்னிதழ் தொடங்கி, லினக்ஸையும் கட்டற்ற மென்பொருள்களையும் எளிய தமிழில் கற்பித்தது. காஞ்சிபுரத்தின் பெயரிலும் விழுப்புரத்தின் பெயரிலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் எழுந்தன. அவற்றில் வினாவும் தமிழ், விடையும் தமிழ். உபுண்டு அமைப்பு 2011 வரை கேட்டவர்க்கெல்லாம் இலவசமாக அஞ்சலில் அனுப்பிய குறுந்தகடுகளை, அவரவர் தம் கல்லூரி விழாக்களில் கைமாற்றிக் கொடுத்தனர்.

பூங்காவுக்குப் பின்

இன்று சிறுசேரிக்கு வருவோர் காண்பது வேறு ஊர். 1989இல் தொடங்கப்பட்ட சென்னைக் கணிதவியல் நிறுவனம் 2005இல் இங்கே தன் வளாகத்துக்கு வந்தது. டாட்டா கன்சல்டன்சியின் பெருவளாகம் எழுந்தது. தரவு மையங்கள் வந்துவிட்டன. 2017 நவம்பர் முதல் உலகின் முதல் 500 மீக்கணினிகளும் லினக்ஸிலேயே இயங்குகின்றன. ஆண்ட்ராய்டு கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவர் பையிலும் லினக்ஸ் கரு இருக்கிறது. லிலோ வழக்கொழிந்தது. நிறுவல் இப்போது அரை மணி நேரத்தில் தானே முடிந்துவிடுகிறது.

கேட்கும் முறையும் மாறிவிட்டது. நம் மாணவர்கள் ஐயம் வந்தால் உரையாடும் இயந்திரத்தைக் கேட்கிறார்கள். அது சலிக்காமல், தமிழிலேயே விடை சொல்கிறது. கையேட்டைப் படி என்று விரட்டுவதில்லை. முன்பு கூசித் திரும்பிய பிள்ளைகள் இன்று துணிந்து கேட்பதை நாமே கண்டிருக்கிறோம். இதை நன்மை என்றே சொல்வோம். ஆயினும் ஓர் எண்ணம் நம்மை உறுத்துகிறது. 2002இல் நமக்குக் கிடைத்த விடை பலர் முன்னிலையில் கூறப்பட்டது. அதே இரண்டு எழுத்துகளோடு அடுத்த ஆண்டு விழித்த மற்றொருவர், நம் வினாவைத் தேடிப் படித்துத் தாமே தீர்த்துக்கொண்டதாக நமக்கு எழுதினார். பொதுவில் கிடந்த அத்தகைய எழுத்துகளைக் கொண்டுதான் இன்றைய இயந்திரங்களும் கற்றன. இப்போது நம் மாணவர் கேட்பதும் பெறுவதும் அவருக்கும் இயந்திரத்துக்கும் இடையே முடிந்துவிடுகின்றன. அடுத்தவருக்கு எதுவும் எஞ்சுவதில்லை.

சென்ற பருவத்தில் ஒரு மாணவி மடிக்கணினியோடு துறைக்கு வந்தார். "ஐயா, உபுண்டு போட்டேன், வைஃபை வரல. கேட்டுப் பார்த்தேன், சொன்னது எதுவும் சரியா வரல" என்றார். நாம் கணிப்பொறி வல்லுநரல்லர். ஆனாலும் உட்காரச் சொல்லி, திரையில் வந்த பிழைச்செய்தியை ஓரெழுத்தும் விடாமல் தாளில் எழுதச் சொன்னோம். பிறகு அதைப் பயனர் குழு ஒன்றுக்குத் தமிழில் எழுதி அனுப்பச் செய்தோம். மாலைக்குள் ஒருவர் திருப்பிக் கேட்டிருந்தார்: "மடிக்கணினி எந்த மாதிரி? பிழைச்செய்தியை முழுசா அனுப்ப முடியுமா?" வினாதல் விடை. மறுநாள் தீர்ந்தது. தீர்ந்த விதத்தையும் அக்குழுவிலேயே எழுதிவிட்டுத்தான் வகுப்புக்குப் போக வேண்டும் என்று மட்டும் சொன்னோம். எழுதினார், நான்கு வரி.

அந்த நடவுப் பாடல்கள் இன்றும் நம்மிடம் உள்ளன. பழைய எழுத்துருவிலிருந்து ஒருங்குறிக்கு மாற்ற, முகமறியாத் தன்னார்வலர் ஒருவர் எழுதிப் பொதுவில் விட்டிருந்த மாற்றி உதவியது. பாடல்கள் பிறந்த வயல்களுள் சில இப்போது இல்லை. பாடியவர் பெயர்களோடு அவற்றைப் பகுதி பகுதியாக இங்கே இட எண்ணியிருக்கிறோம். அவற்றில் நமக்குப் பொருள் விளங்காத வட்டாரச் சொற்கள் பல உள்ளன. விளங்கியவர்கள் சொல்லியுதவ வேண்டுகிறோம்.